பிஆர்5-49: ஒரே ஆல்பம், மூன்று விதமான காதுகள்

அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்கு, அதாவது கித்தாரும் ஃபிடிலும் வைத்துப் பாடும் கிராமத்து இசைக்கு, தலைநகரான நாஷ்வில் நகரில் லோயர் பிராட்வே என்று ஒரு தெரு உண்டு. இன்று சாயங்காலம் ஆனால் அங்கே நடக்க இடம் கிடைக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தெரு வேறு மாதிரி இருந்தது. பக்கத்துச் சந்தினை ஒட்டி நிற்கும் ரைமன் அரங்கத்திலிருந்து ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சி 1974-இல் ஊருக்கு வெளியே கட்டிய புது அரங்கத்துக்குப் போய்விட்டது. அதோடு கூட்டமும் போனது. பூட்டிய கட்டடங்கள், அடகுக் கடைகள், இரவில் குடும்பத்தோடு யாரும் போகத் தயங்கும் நடைபாதை. ரைமன் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பத் திறந்தது 1994-இல்தான்.

அந்தத் தெருவில் ‘ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட்’ என்று ஒரு கடை. பூட்ஸ் விற்கும் கடையாக இருந்து மதுக்கடையாக மாறிய இடம். சுவரெல்லாம் பலகை அடித்து, அதில் கௌபாய் பூட்ஸ் வரிசையாக நிற்கும். அதற்கும் முன்னால் அந்தக் கட்டடத்தில் ‘ஷோ-பட்’ என்ற பெயரில் ஸ்டீல் கித்தார் விற்றார்கள். கிடத்திவைத்து, தந்திகளின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கித்தார் அது. அந்தப் பூட்ஸ் பலகைகளுக்குப் பக்கத்தில்தான் ஐந்து பேர் வாரத்தில் பல இரவுகள், மணிக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு ஜாடி. யாராவது ஒரு பாட்டைக் கேட்டுக் காசு போட்டால் அந்தப் பாட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு.

சக் மீடும் கேரி பென்னட்டும் கித்தார் வாசித்துப் பாடினார்கள். ஜே மெக்டவல் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பாஸ், ஷா வில்சன் டிரம்ஸ். டான் ஹெரன் ஃபிடில் (வயலின்தான்), ஸ்டீல் கித்தார், மாண்டலின் என்று கைக்குக் கிடைத்த எல்லாக் கம்பி வாத்தியமும். குழுவின் பெயர் பிஆர்5-49. ‘ஹீ ஹா’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜூனியர் சாம்பிள்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் பழைய கார் விற்பவராக வருவார். அவர் கையில் பிடித்திருக்கும் அட்டையில் எழுதியிருக்கும் ‘பிஆர்-549’ என்ற தொலைபேசி எண்தான் அது. நடுவில் இருக்கும் சிறு கோட்டினை மட்டும் ஓர் இடம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அரிஸ்டா நாஷ்வில் என்ற இசைத்தட்டு நிறுவனம் இவர்களைப் பிடித்துப்போட்டு, 1996-இல் முதலில் ‘லைவ் ஃப்ரம் ராபர்ட்ஸ்’ என்ற ஆறு பாட்டுக் குறுந்தட்டையும், அந்த செப்டம்பரில் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முழு ஆல்பத்தையும் வெளியிட்டது. முழு ஆல்பத்தில் பதினொரு பாட்டு. அதில் ஐந்து பழைய பாட்டுகள். மற்றவற்றில் பெரும்பாலும் குழுவினரே எழுதியவை.

அந்த ஆல்பத்தைப் பற்றிய கருத்துகள் அன்றிலிருந்து மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. நாஷ்வில் தொலைத்த சத்தத்தை இவர்கள் மீட்டுக்கொடுத்தார்கள் என்பவர்கள் ஒரு பக்கம். இது வெறும் நகல், ஐம்பதுகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடும் வேஷம் என்பவர்கள் இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை குறைவு. இவர்களை ராபர்ட்ஸில் நேரில் கேட்டவர்கள் அவர்கள். ஆல்பம் நன்றாக இருக்கிறது, ஆனால் நாங்கள் கேட்டது இது இல்லை என்பது அவர்கள் குறை.

எனக்கு அந்த மூன்றாவது குறைதான் மற்ற இரண்டையும் விளக்குவதாகப் படுகிறது. முதல் இரண்டு பக்கத்தாரும் ஆல்பத்தில் உள்ளதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். சத்தம் பிறந்த இடமோ அந்த ஜாடிக்குப் பின்னால்.

முதலில் ‘நகல்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்பவர்கள் முட்டாள்கள் இல்லை. ரெட்ரோ இசை, அதாவது பழைய பாணியைத் திரும்ப வாசிக்கும் இசை என்றாலே இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். 1980-இல் நியூயார்க் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் போய் அங்கே முதலில் பேர் வாங்கிய ஸ்ட்ரே கேட்ஸ் என்ற ராக்கபில்லி (கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்த ஐம்பதுகளின் வேகமான இசை) குழுவுக்கும் இதே வசை விழுந்தது. அவர்களுடைய ‘பில்ட் ஃபார் ஸ்பீட்’ ஆல்பம் 1982-இல் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. அப்போதும் ஒரு சாரார் சொன்னது, தலைமுடியைத் தூக்கிச் சீவினால் ராக்கபில்லி ஆகிவிடுமா என்பதுதான்.

ஆனால் ராக்கபில்லி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இந்த வாதம் கொஞ்சம் தடுமாறும். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி, கித்தாருக்கு ஸ்காட்டி மூர், பாஸுக்கு பில் பிளாக். டிரம்ஸ்கூட இல்லை. அந்த முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ‘தட்ஸ் ஆல் ரைட்’. அது ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் நாற்பதுகளில் பாடிய ப்ளூஸ். மறுபக்கத்தில் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’. அது ப்ளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோவின் பாட்டு. இரண்டுமே மற்றவர்கள் பாட்டு. ராக்கபில்லியின் முதல் தட்டே முழுக்க முழுக்கப் பழைய பாட்டைத் திரும்பப் பாடியதுதான்! பழசை எடுத்துப் பாடுவது அந்த இசைக்குப் பின்னால் வந்த நோய் கிடையாது. அது பிறந்த விதமே அப்படி. அதனால் பழைய பாட்டைப் பாடினார்களா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எடுத்ததை என்ன செய்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த ஆல்பத்தில் அதிகம் பேசப்பட்ட ‘செரோக்கி பூகி’யையே பார்ப்போம். 1951-இல் மூன் மல்லிகன் பாடியது. டெக்சாஸ்காரர், பியானோ வாசிப்பவர். ஹில்பில்லி (கன்ட்ரிக்குப் பழைய பெயர்) பியானோக்காரர்களின் ராஜா என்று அவரைச் சொல்வார்கள். பூகி என்றால் பியானோவில் இடது கை ஒரே சுழற்சியை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்க, வலது கை மேலே விளையாடும். பாட்டுக்கு முதுகெலும்பே அந்த இடது கைதான். சரி, பிஆர்5-49 குழுவில் பியானோ வாசிக்கும் ஆளே கிடையாது. அப்படியானால் அந்த இடது கையை யார் வாசிப்பது? மர பாஸும் ரிதம் கித்தாரும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வலது கையின் விளையாட்டு கித்தாருக்கும் ஸ்டீலுக்கும் போகிறது. மல்லிகனின் பழைய பதிவில் உருண்டு வருவது, இவர்களிடம் துள்ளி வருகிறது. அச்சு அசலாக நகலெடுப்பவன் முதலில் ஒரு பியானோக்காரரைத் தேடிப் பிடித்திருப்பான்.

துள்ளல் என்று சொன்னேன். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மர பாஸை வாசிக்கும் சாதாரண முறையில் விரலால் தந்தியைச் சுண்டிவிட்டால் போதும். ராக்கபில்லியில் தந்தியை விரலால் கொக்கி போட்டு வெளியே இழுத்து விடுவார்கள். அது திரும்பி வந்து கைப்பலகையில் ‘டக்’ என்று மோதும். உடனே உள்ளங்கையால் தந்திகளின் மேல் ஒரு அறை. அதில் இன்னொரு ‘டக்’. ஆக ஒரே கையில் ஸ்வரமும் தாளமும். பில் பிளாக் டிரம்ஸ் இல்லாமலே சமாளித்தது இப்படித்தான். இந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால், டிரம்ஸுக்கு அடியில் அந்த மர அடி வறட்டுச் சத்தமாகத் தனியே ஓடிக்கொண்டிருப்பது கேட்கும். மின்சார பாஸில் இது வரவே வராது. இந்த ஆல்பம் எனக்கு முதலில் பிடித்துப்போனதே இந்த மரச் சத்தத்தால்தான்.

சன் ஸ்டூடியோ பதிவுகளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு, அந்தத் துண்டு எதிரொலி. ஸ்டூடியோவின் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் நாடாப் பதிவு எந்திரங்களைச் சேர்த்து அதை உண்டாக்கினார். ஒன்றில் பதிவாகும் ஒலி இன்னொன்றுக்குள் போய், பதியும் முனையிலிருந்து ஒலிக்கும் முனைக்கு நாடா நகரும் அந்தக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்துத் திரும்பி வரும். ஒரு நொடியில் ஏழெட்டில் ஒரு பங்கு இருக்கலாம். பல ரெட்ரோ குழுக்கள் இந்த எதிரொலியை எல்லாப் பாட்டின் மேலும் சாம்பார் மாதிரி ஊற்றிவிடுவார்கள். கேட்டவுடன் ‘ஐம்பதுகள்’ என்று ஒட்டின சீட்டு மாதிரி இருக்கும். வேஷம் என்ற சொல் பொருந்துவது அங்கேதான். பிஆர்5-49 அந்த வேலையைச் செய்யவில்லை. அவர்கள் உடுப்பில் பழமை பார்த்தார்கள், ஒலியைத் தங்கள் காலத்தின் தெளிவோடு விட்டார்கள். இதையே குறையாகச் சொன்னவர்களும் உண்டு: சத்தம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, தூசு இல்லை என்று. எனக்கு அந்தச் சுத்தம் நேர்மையாகப் படுகிறது.

அடுத்தது ‘கிரேஸி ஆர்ம்ஸ்’. ரே பிரைஸ் 1956-இல் பாடி, கன்ட்ரி பட்டியலில் 20 வாரம் முதலிடத்தில் வைத்திருந்த பாட்டு. எழுதியவர்களில் ஒருவர் ரால்ஃப் மூனி. அவரே பெரிய ஸ்டீல் கித்தார்காரர். எல்விஸ் நாட்டையே புரட்டிப்போட்ட வருஷம் அது. பல கன்ட்ரி பாடகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, ரே பிரைஸ் பாஸை நாலு அடியும் நடக்க வைத்து, டிரம்ஸில் ஷஃபிள் என்ற ஊஞ்சலாடும் தாளத்தைப் போட்டு, கன்ட்ரியை நடன அரங்குக்குக் கொண்டுபோனார். இதை ராக்கபில்லியோடு ஒரே ஆல்பத்தில் வைத்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1956-இல் இவை இரண்டும் எதிர் எதிர்த் தரப்பு. ராபர்ட்ஸில் காசு போடுகிறவருக்கு அந்தப் பிரிவு தெரியாது, தேவையும் இல்லை. ஒருவர் மூன் மல்லிகன் கேட்பார், அடுத்தவர் ஐம்பதுகளின் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸைக் கேட்பார். ஆல்பத்தில் வெப் பியர்ஸுக்கே இரண்டு இடம்: ‘ஹாங்கி டாங்க் சாங்’, ‘ஐ எய்ன்ட் நெவர்’. இதைப் பார்த்து ஆல்பம் ஒரு வழியில் போகவில்லை, பல பாணியும் கலந்து கிடக்கிறது என்று குறை சொன்னவர்கள், ஜாடியை மறந்துவிட்டார்கள். மக்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த பட்டியல் அது. கேட்பவர் தேர்ந்தெடுத்த பாட்டு எப்படி ஒரே பாணியில் இருக்கும்?

இனி அடுத்த தரப்பு, மீட்டுக்கொடுத்தார்கள் என்பவர்கள். இவர்கள் பேச்சில் எப்போதும் ஒரு எதிரி இருக்கும்: அன்றைய நாஷ்வில் வானொலி. அதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் கன்ட்ரி என்ற பெயரில் பெரிதாக விற்றது பாப் இசைக்குப் பக்கத்தில் நின்ற சத்தம். பாடகி ஷனையா ட்வெயினின் இரண்டாவது ஆல்பம் 1995-இல் வந்து கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. 1996 பிப்ரவரியில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. அதுவரை அது 40. அப்புறம் சில ஆண்டுகளிலேயே ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் குறைந்தார்கள், தேர்வும் குறுகியது. பிஆர்5-49 சரியாக அந்த வாசல் மூடும் நேரத்தில் வந்து நின்றார்கள். ‘செரோக்கி பூகி’க்கு கிராமி பரிந்துரை கிடைத்தும், கன்ட்ரி பட்டியலில் முதல் 40-க்குள்ளேயே அது வரவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வானொலி மேல் போட்டுவிட்டால் ஆல்பத்தை நாம் கேட்காமலே விட்டுவிடுவோம். அதில் பலவீனமும் இருக்கிறது. மீட்பர்களாகக் கொண்டாடுபவர்கள் அதைச் சொல்வதில்லை. என் கணக்கில் அந்தப் பலவீனம் நகைச்சுவையில் இருக்கிறது.

‘லிட்டில் ரமோனா’ என்று ஒரு பாட்டு, சக் மீட் எழுதியது. பங்க் இசைக்காரியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் ஹில்பில்லி இசையில் பைத்தியமாகிப் போவதுதான் கதை. பெயரிலேயே ரமோன்ஸ் என்ற பங்க் குழுவை நினைவூட்டுகிறார். அது அவர்களுடைய கூட்டத்தின் படமும்கூட. ராபர்ட்ஸில் இவர்களைக் கேட்க வந்தவர்களில் அந்தக் காலத்து முதியவர்கள் இருந்தார்கள். மூக்குத்தியும் கிழிந்த ஜீன்ஸும் போட்ட இளசுகளும் இருந்தார்கள். நேரில், அந்தப் பெண் நமக்குப் பக்கத்திலேயே நின்று ஆடிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பாட்டு அன்பான சீண்டல். ஆல்பத்தில் அவள் இல்லை. அதில் கேட்கும்போது யாரோ யாரையோ கிண்டல் செய்வது போல விழுகிறது. யாரைக் கிண்டல் செய்கிறார்கள், கிராமத்து இசையையா என்ற சந்தேகம் பலருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. பெயரே ஒரு நகைச்சுவைக் காட்சியிலிருந்து எடுத்தது, உடுப்பும் பழங்காலத்தது. இரண்டும் சேர்ந்து, இவர்கள் மனசார இதைச் செய்கிறார்களா, விளையாட்டுக்குச் செய்கிறார்களா என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டன.

நான் மனசார என்ற பக்கம்தான். கன்ட்ரி இசையில் சிரிப்பு எப்போதும் வீட்டு மனுஷன். ஓப்ரி மேடையில் மின்னி பேர்ல் விலைச் சீட்டு தொங்கும் தொப்பியோடு பல பத்தாண்டுகள் சிரிக்க வைத்தார். யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் சிரிப்புப் பாட்டு சீக்கிரம் பழசாகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் கழித்து நான் திரும்பத் திரும்பப் போடுவது கேரி பென்னட்டின் நேரான குரலைத்தான். சக் மீட் குரலில் துள்ளல், பென்னட் குரலில் ஒரு தளர்வான சோகம். இரண்டு பாடகர்கள் இருப்பது இந்த ஆல்பத்தின் உண்மையான பலம். அதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது மூன்றாவது தரப்பின் குறைக்கு வருவோம். நேரில் கேட்டதற்கும் தட்டுக்கும் ஏன் இத்தனை தூரம்? ராபர்ட்ஸில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் பாதி விஷயம் இருந்தது. யாராவது கத்துவார்கள், சக் மீட் பதில் சொல்வார், ஹெரன் ஃபிடிலை வைத்துவிட்டு ஸ்டீல் முன்னால் உட்காருவார், அதற்குள் பாஸ் ஆரம்பித்துவிடும். அந்தப் பாட்டு இன்றைக்கு வருமா வராதா என்று கேட்பவருக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. நாலு மணிநேரம் அப்படி ஓடியதை, மூன்று மூன்று நிமிஷமாகப் பதினொன்று என்று வரிசை போட்டால் எது மிஞ்சும்? பாட்டு மிஞ்சும். பேரம் மிஞ்சாது.

இது என் ஊகமாக மட்டும் இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள், அந்த ஆறு பாட்டுக் குறுந்தட்டை முழு ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். அதில் ‘நாக்ஸ்வில் கேர்ள்’ இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி அப்பலாச்சியா மலைக்கு வந்த பழங்காலக் கொலைக் கதைப் பாட்டு. காதலியை ஆற்றங்கரையில் அடித்துக் கொன்றவன் தானே சொல்லும் கதை. அதைக் குடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் பாடுகிறார்கள். அதே தட்டில் ‘மீ அண்ட் ஓப்பி’ என்ற கேலிப் பாட்டும். கொலையும் கேலியும் ஒரே இரவில், ஒரே மேடையில். அந்தக் கலவைக்கு முழு ஆல்பத்தில் இடமில்லை. கம்பெனிக்கு வானொலியில் போடும்படி ஏதாவது வேண்டியிருந்தது, அது புரிகிறது. வானொலியும் போடவில்லை என்பதுதான் வேதனை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1998-இல் ‘பிக் பேக்யார்ட் பீட் ஷோ’, 2000-இல் ஒரு நேரடிப் பதிவு, 2001-இல் வேறு நிறுவனத்துக்கு ஒன்று. பென்னட்டும் மெக்டவலும் விலகினார்கள். 2004-இலும் 2006-இலும் சிறு நிறுவனத்தில் இரண்டு ஆல்பம், அப்புறம் குழு அடங்கிவிட்டது. டான் ஹெரன் 2005-இல் பாப் டிலன் குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் அவரோடு மேடையேறினார். சன் ஸ்டூடியோவில் எல்விஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜெரி லீ லூயிஸ், ஜானி கேஷ் ஆகிய நால்வரும் சேர்ந்த அந்த 1956 டிசம்பர் நாளை வைத்து வந்த ‘மில்லியன் டாலர் குவார்ட்டெட்’ மேடை நாடகத்துக்கு சக் மீட் இசை இயக்குநர் ஆனார். வேஷக்காரர்கள் என்று இவர்களைத் தள்ளியவர்கள் இந்த இரண்டு செய்தியையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ராபர்ட்ஸ் இன்றும் இருக்கிறது. பூட்ஸ் பலகை இருக்கிறது, பழைய கன்ட்ரி வாசிக்கும் குழுக்களும் இருக்கின்றன. அந்தத் தெருவுக்குக் கூட்டம் திரும்பி வந்ததில் பிஆர்5-49-க்குப் பங்கு உண்டு என்பதில் மட்டும் மூன்று தரப்புக்கும் சண்டையில்லை.

ஆல்பத்தில் இன்னும் ஒரு பழைய பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பத்தாவது இடத்தில் ‘ஹிக்கரி விண்ட்’. கிராம் பார்சன்ஸ், பாப் புக்கனன் இருவரும் எழுதியது. 1968 மார்ச்சில் த பேர்ட்ஸ் என்ற ராக் குழு ரைமனில் ஓப்ரி மேடையேறியது. முடி வளர்த்த ராக் பையன்களுக்கு இங்கே என்ன வேலை என்று சபை முகம் சுளித்தது. அடுத்ததாக என்று அறிவிக்கப்பட்ட பாட்டை விட்டுவிட்டு, அப்போது அந்தக் குழுவில் இருந்த பார்சன்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் ‘ஹிக்கரி விண்ட்’டைப் பாடினார். ஓப்ரிக்காரர்களுக்குக் கோபம். அன்று அவர்களையும் வேஷக்காரர்கள் என்றுதான் நினைத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து, அதே ரைமனின் பின்சந்துக்கு மறுபுறம் வாசித்து வளர்ந்த ஐந்து பேர் அந்தப் பாட்டைத் தங்கள் முதல் ஆல்பத்தில் வைத்தார்கள். அந்தப் பாட்டில் வேகமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. ஸ்டீல் கித்தார் நீளமாக இழுத்துக்கொண்டு போகிறது, பாஸ் அறையாமல் மெதுவாக நடக்கிறது.